கீழே படுத்திருப்பவருக்கும் கேட்கவேண்டும்

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் பிரம்டனிலும் மிசிசாகாவிலும் பேஸ்மென்ட் வாடகைக்கு விடும் தமிழ் வீட்டுக்காரர்களுக்கு,



உங்கள் வீட்டின் பக்கக் கதவைத் திறந்து, படியிறங்கி, கீழே ஒருமுறை போய் நில்லுங்கள். ஏதோ ஒரு மூலையில் மெல்லிய பலகைக் கதவு ஒன்று இருக்கும். அதற்குள் ஃபர்னஸ், பக்கத்தில் சுடுதண்ணீர்த் தாங்கி. பழைய வீடென்றால் இரண்டிலிருந்தும் எழும் தகரக் குழாய்கள் ஒன்றாகி சிம்னிக்குள் நுழையும். மிச்ச இடத்தில் அரிசிப் பைகள், பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஒதுக்கிய சைக்கிள், பிறந்தநாள் விழாவுக்கு மட்டும் வெளியே வரும் பெரிய அண்டா. அந்தக் கதவிலிருந்து எட்டடி தள்ளி ஒருவருடைய கட்டில். இரவு வேலை முடித்து விடியற்காலையில் வந்து படுக்கும் மாணவராக இருக்கலாம், கைக்குழந்தையோடு புதிதாக வந்திறங்கிய குடும்பமாக இருக்கலாம். வீட்டில் நெருப்பெரியும் இயந்திரத்துக்கு ஆகக் கிட்டப் படுத்து உறங்குகிறவர்கள் அவர்கள்தான். ஆனால் பல வீடுகளில் காபன் மொனொக்சைட் அலாரம் என்று இருக்கும் ஒன்றே ஒன்று, மேலே வீட்டுக்காரரின் படுக்கையறை வாசலில் தொங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் பூட்டிய கதவு.

அந்தப் பூட்டிய கதவைப் பற்றிப் பேசவே இந்த மடல்.

2026 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவின் தீப் பாதுகாப்பு விதி, ஆங்கிலத்தில் எல்லோரும் ஃபயர் கோட் என்று சொல்வது, இறுகியிருக்கிறது. காஸிலோ எண்ணெயிலோ விறகிலோ எரியும் ஏதாவது ஒரு சாதனமோ, நெருப்பு மூட்டும் கணப்போ, வீட்டோடு ஒட்டிய கராஜோ இருந்தால், படுக்கையறைகளுக்கு அருகில் மட்டும் அலாரம் இருந்தால் போதாது. ஒவ்வொரு தளத்திலும் இருக்கவேண்டும், யாரும் படுக்காத தளத்திலும்கூட. வாடகைக்கு விட்ட இடமென்றால் அலாரத்தைப் பூட்டுவது, சோதிப்பது, பழுதானால் மாற்றுவது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதிக்கவேண்டும். ஒருவர் போய் இன்னொருவர் வரும்போதெல்லாம் மறுபடி சோதிக்கவேண்டும். அதை எப்படிப் பராமரிப்பது என்ற குறிப்பைக் குடியிருப்பவர் கையில் கொடுக்கவேண்டும்.

இது நான்கு உயிர்களின் விலையில் வந்த விதி. ரொறன்ரோவிலிருந்து ஒன்ராறியோவின் லண்டன் நகர்ப்பக்கம் காரில் போகிறவர்கள் வூட்ஸ்டொக் என்ற பெயர்ப்பலகையைக் கடந்திருப்பார்கள். 2008 டிசம்பர் தொடக்கத்தில் அந்த ஊரில் ஒரு வீட்டில் ஒன்ராறியோ மாகாணக் காவல்துறை அதிகாரி லோரி ஹோக்கின்ஸ், அவருடைய கணவர் ரிச்சர்ட், 14 வயது மகள் கசாண்ட்ரா, 12 வயது மகன் ஜோர்டன் ஆகிய நால்வரையும் காபன் மொனொக்சைட் கொன்றது. வீட்டின் காஸ் கணப்பிலிருந்து வெளியே போகும் வழி அடைபட்டிருந்தது. அலாரம் இருக்கவில்லை. இத்தனைக்கும் லோரியின் நெருங்கிய உறவினரான ஜோன் கிக்னாக், பிரான்ட்ஃபோர்ட் நகரில் முப்பது ஆண்டுக்கு மேல் தீயணைப்பு வீரராக இருந்தவர். ஊரார் வீடுகளுக்கெல்லாம் ஓடிய மனிதரின் சொந்தக் குடும்பத்தில் அந்தச் சிறு பெட்டி இல்லாமல் போனது. அவர் அந்தத் துக்கத்தோடு முடங்கிப்போகவில்லை. அறக்கட்டளை தொடங்கினார், ஊர் ஊராகப் போய்ப் பேசினார். வூட்ஸ்டொக் பகுதியின் மாகாணசபை உறுப்பினர் ஏர்னி ஹார்ட்மன் சட்டமூலத்தைக் கொண்டுவந்தார். ஒருமுறை கொண்டுவந்து நிறைவேறவில்லை, திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். 2013இல்தான் ஹோக்கின்ஸ் கிக்னாக் சட்டம் நிறைவேறியது. 2014 அக்டோபர் 15 முதல், முன்பே கட்டப்பட்ட வீடுகளிலும் அலாரம் கட்டாயமானது.

‘முன்பே கட்டப்பட்ட வீடுகளிலும்’ என்ற சொற்கள் நம்மவர்களைத் தொடுகின்றன. 2001க்குப் பிறகு எழும்பிய புது வீடுகளுக்குக் கட்டட விதியே அலாரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. நம்மில் பலர் முதன்முதலாக வாங்கியது அந்த வீடுகளை அல்ல. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கட்டிய ஸ்காபரோ பங்களாக்களையே வாங்கினோம். பேஸ்மென்டை வாடகைக்கு விட்டு வங்கிக்கடனைக் கட்டலாம் என்ற கணக்கோடுதான் வாங்கினோம். அந்தக் கணக்கில் தப்பில்லை. எத்தனையோ குடும்பங்கள் இந்த நாட்டில் கால் ஊன்றியது அந்தக் கீழ்த்தள வாடகையால். மேலே இருந்தவர்கள் ஒரு காலத்தில் கீழே இருந்தவர்கள்தான். அதனால்தான் இந்த மடல் அரசாங்கத்துக்கு எழுதப்படாமல் உங்களுக்கு எழுதப்படுகிறது.

யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படித்தவர்களுக்கு இந்த வாயு காபனோரொட்சைட்டு என்ற பெயரில் அறிமுகமாகியிருக்கும். எரிவதற்குப் போதிய காற்று கிடைத்தால் காஸ் காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் மாறிப் போய்விடும். காற்றுக் குறைந்தால் இது பிறக்கும். நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை, கண் எரியாது, இருமல் வராது. ‘காஸ் மணக்கவில்லையே, பிறகென்ன’ என்று கேட்பவர்கள் உண்டு. அடுப்புக்கு வரும் காஸுக்கு இருக்கும் அந்த அழுகல் மணம், கசிந்தால் தெரியட்டும் என்று கம்பெனிக்காரர் வேண்டுமென்றே சேர்ப்பது. எரிந்து முடிந்தபின் பிறக்கும் காபன் மொனொக்சைட்டில் அப்படி யாரும் எதையும் சேர்த்துவிட முடியாது. குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினோடு இந்த வாயு ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபின் இலேசில் விடாது. நல்ல காற்றுக்கு வந்த பிறகும் குருதியில் உள்ளதில் பாதி நீங்கவே நான்கைந்து மணித்தியாலம் எடுக்கும். ஆஸ்பத்திரியில் முகமூடி போட்டுத் தனி ஒட்சிசன் கொடுத்தால் அது ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலமாகக் குறையும்.

நமக்கு இந்த ஆபத்து உறைக்காமல் இருப்பதற்கு நாம் வளர்ந்த வீடுகளும் ஒரு காரணம். ஊரில் குசினி பெரும்பாலும் வீட்டுக்குப் பின்பக்கம் தனியாக இருந்தது. விறகெரிந்தாலும் சிரட்டை எரிந்தாலும் புகை ஓட்டிடுக்கால் போனது, கிடுகிடுக்கால் போனது. சுவருக்கும் கூரைக்கும் நடுவே எப்போதும் காற்று ஓடியது. பிள்ளை பெற்ற பெண்ணின் அறையில் நெருப்புச்சட்டி வைத்தார்கள், ஆனால் அந்த அறையும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. புகை கண்ணைக் கரித்தால் ஆபத்து, கரிக்காவிட்டால் ஆபத்தில்லை என்பதுதான் உடம்பு கற்ற பாடம். கனடாவில் குளிர் உள்ளே வராமலிருக்க யன்னலிடுக்கு, கதவிடுக்கு எல்லாவற்றையும் அடைத்து வைத்திருக்கிறோம். குளிரை வெளியே நிறுத்தும் அதே அடைப்பு, உள்ளே பிறந்ததை உள்ளேயே நிறுத்துகிறது. கொடைக்கானல் பக்கம் குளிர் காய அறைக்குள் கரியடுப்பை மூட்டிவிட்டு உறங்கியவர்கள் காலையில் எழும்பவில்லை என்ற செய்தி தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் அவ்வப்போது வருகிறது. மூடிய அறை எந்த ஊரில் இருந்தாலும் மூடிய அறைதான்.

பேஸ்மென்டை வீடாக மாற்றும்போது நடக்கும் வேலைகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். இன்னோர் அறை எடுப்பதற்காக ஃபர்னஸைச் சுற்றி ஜிப்ஸம் பலகை அடித்துச் சின்னப் பெட்டிபோல் ஆக்கிவிடுகிறோம். அந்தக் கதவில் சட்டம் சட்டமாக இருக்கும் காற்றுத் துளைகள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. எரிவதற்குக் காற்று அதன் வழியாகத்தான் போகிறது. குளிருகிறதென்று அதை அட்டை வைத்து அடைத்தவர்களும் உண்டு, அதன்மேல் அரிசிப் பையை அடுக்கியவர்களும் உண்டு. பிறகு கீழே ஒரு குசினி. நம் சமையலுக்கு மீன்பொரியல் மணம் போக, தாளித்த நெடி போக, நல்ல பலமான எக்ஸோஸ்ட் ஃபான் வேண்டும். அதையும் பூட்டுகிறோம். அந்த ஃபான் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தோ காற்று உள்ளே வந்தாகவேண்டும். யன்னல் எல்லாம் இறுக்கிய வீட்டில் சிலவேளை அது சிம்னி வழியாகவே இறங்கும். மேலே போகவேண்டிய சுடுதண்ணீர்த் தாங்கியின் புகைவாயு, வந்த வழியே திரும்பி அறைக்குள் கொட்டும். குசினியில் மீன் பொரியும், பக்கத்து அறையில் பிள்ளைக்குத் தலை சுற்றும். இரண்டையும் ஒருவரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கமாட்டார்கள்.

புதிய ரக ஃபர்னஸ் சிம்னியைப் பயன்படுத்துவதில்லை. பக்கச் சுவரில் முழங்கால் உயரத்தில் இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்களாக வெளியே எட்டிப்பார்க்கும். ஒன்று காற்றை இழுக்கும், மற்றது கழிவு வாயுவைத் தள்ளும். ஜனவரியில் ஒரு நல்ல பனிப்பொழிவு, அதோடு காரோடும் பாதையைத் துப்புரவாக்கியவர் அந்தப் பக்கமாகக் குவித்த பனி. குழாயின் வாய் மூட அது போதும். பெரும்பாலும் ஃபர்னஸ் தானே நின்றுவிடும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆனாலும் பனி கொட்டிய காலையில் வாசற்படியைத் துப்புரவாக்கும் கை அந்தக் குழாயைச் சுற்றியும் ஒருமுறை போய்வரட்டும்.

நோய் எப்படி வரும் என்பதுதான் ஆகக் கொடியது. முதலில் தலையிடி. பிறகு களைப்பு, தலைச்சுற்று, சத்தி வரும்போல் ஒரு பிரட்டல். காய்ச்சல் மட்டும் இராது. பனிக்காலத்தில் இவ்வளவும் வந்தால் ஃப்ளூ என்றுதான் யாரும் நினைப்பார்கள். ரைலனோல் இரண்டைப் போட்டுக்கொண்டு, கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு படுப்பார்கள். அந்த அறையிலேயே படுப்பார்கள். வேலைக்கு வெளியே போனால் தலையிடி குறைகிறது, வீட்டுக்கு வந்தால் கூடுகிறது என்றால், வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சுகமில்லையென்றால், வளர்க்கும் பூனையும் சோர்ந்து கிடக்கிறதென்றால், சந்தேகம் ஃபர்னஸ் பக்கம் திரும்பவேண்டும். கோவிட் காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஒட்சிசன் மீட்டர் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. இந்த விஷயத்தில் அதை நம்பவே கூடாது. காபன் மொனொக்சைட் ஏறிய ஈமோகுளோபினுக்கும் ஒட்சிசன் ஏறிய ஈமோகுளோபினுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. ஆள் மயங்கும் நிலையில் இருக்கும்போதும் அது 98 என்று காட்டக்கூடும்.

அலாரம் வருவதற்கு முன்னால் நிலக்கரிச் சுரங்கங்களில் இந்த வேலையைச் செய்தது கனேரிக் குருவி. ஜோன் ஸ்கொட் ஹால்டேன் என்ற ஸ்கொட்லாந்து விஞ்ஞானி 1890களில் சொன்ன யோசனை அது. சிறிய உடம்பு, வேகமான மூச்சு. ஆகவே மனிதனுக்கு முன் அது சாய்ந்துவிடும். பிரித்தானியச் சுரங்கங்களில் 1986 வரை அந்தக் குருவிகள் கூண்டோடு கீழே போய்வந்தன. குருவி முதலில் சாய்வதற்குச் சொன்ன காரணம் கைக்குழந்தைக்கும் பொருந்தும். பெரியவர்களைவிட அது வேகமாக மூச்செடுக்கிறது, வாயுவும் வேகமாக ஏறுகிறது. வயிற்றில் இருக்கும் சிசுவுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பேஸ்மென்டுக்குக் குடிவருகிறவர்களில் எத்தனை பேர் கைக்குழந்தையோடு வருகிறார்கள், எத்தனை பேர் வந்து அடுத்த வருடம் குழந்தை பெறுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி நம்மவர் வாயில் வழக்கமாக வரும் பதில்களுக்கு வருவோம்.

‘ஸ்மோக் அலாரம் இருக்குத்தானே.’ இருக்கவேண்டும், அதுவும் சட்டம். ஆனால் அது புகையைப் பிடிக்கும், இந்த வாயுவைப் பிடிக்காது. இரண்டையும் சேர்த்துச் செய்யும் பெட்டி வேண்டுமென்றால், மேலே இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும்.

‘அலாரம் இல்லையென்று முதலே சொல்லித்தானே வீட்டைக் குடுத்தனான், அவையளும் ஓம் எண்டவை.’ 2006ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டம், 20ஆம் பிரிவு, இந்த வாதத்துக்கு இடம் வைக்கவில்லை. வீட்டைப் பழுதில்லாமலும் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்பவும் வைத்திருப்பது வீட்டுக்காரர் கடமை. குறை தெரிந்தே குடிவந்தார் என்பதால் அந்தக் கடமை நீங்காது. ஃபயர் கோட்டை முதல் தடவை மீறினாலே தனிநபருக்கு 50,000 டொலர் வரை அபராதம் விதிக்கலாம், சிறைக்கும் இடமுண்டு.

‘அவைதான் பற்றரியைக் கழற்றிப்போடுகினம்.’ இது நியாயமான முறைப்பாடு. அலாரத்தை வேண்டுமென்று செயலிழக்கச் செய்வது குடியிருப்பவர் செய்தாலும் குற்றமே. பழுதென்று கண்டால் உடனே உங்களுக்குச் சொல்வது அவருடைய கடமை. ஆனால் ஏன் கழற்றுகிறார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பல நேரம் பற்றரி இறங்கியதால் அது நடுச்சாமத்தில் ஒவ்வொரு நிமிடமும் ‘கீக்’ என்று கத்தியிருக்கும். மேலே சொன்னால் என்ன நினைப்பார்களோ என்று பயந்து, தூக்கம் கெட்டவர் அதைக் கழற்றி லாச்சிக்குள் வைத்திருப்பார். பத்து ஆண்டுக்குப் பற்றரி மாற்றத் தேவையில்லாத, மூடி முத்திரையிட்ட அலாரங்கள் இப்போது கிடைக்கின்றன. நாற்பது ஐம்பது டொலர் விஷயம். அதை வாங்கிப் பூட்டினால் இந்தச் சண்டையே இல்லை.

‘கீழே போய்ப் பார்க்க விடுகினமில்லை.’ 24 மணித்தியாலத்துக்கு முன் எழுத்தில் அறிவித்து, காரணம் சொல்லி, காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில் போகச் சட்டம் இடம் தருகிறது. அலாரத்தைச் சோதிப்பதைவிட நல்ல காரணம் வேறில்லை.

கடைசிப் பதிலை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இந்த மடலுக்கு ஆகக் கனமான பகுதி அதுதான்.

பதிவு செய்யாத பேஸ்மென்ட்கள் நம்மிடையே நிறைய. நகரசபை அனுமதி எடுக்கவில்லை, தீயணைப்புப் பரிசோதனை நடக்கவில்லை. அனுமதி கேட்கப் போனால் இரண்டாவது வாசல் கேட்பார்கள், யன்னலைப் பெரிதாக்கச் சொல்வார்கள், தீயைத் தாங்கும் சுவர் கேட்பார்கள், பல்லாயிரம் டொலர் போய்விடும் என்ற பயம். அந்தப் பயம் கீழேயும் இறங்குகிறது. சாவியைக் கொடுக்கும்போதே ‘எது நடந்தாலும் முதல் எனக்கு ஃபோன் எடுங்கோ’ என்று சொல்லி வைக்கிறோம். 911க்கு அடித்தால் தீயணைப்பு வண்டி வரும், வந்தவர்கள் கீழே இறங்கிப் பார்ப்பார்கள், பார்த்தால் விசாரணை வரும். வீட்டுக்காரருக்கும் தெரியும், குடியிருப்பவருக்கும் தெரியும். விசா முடிவுக்குக் காத்திருக்கும் ஒரு மாணவர், நடுச்சாமத்தில் அலாரம் அடிக்கும்போது, முதலில் எதை நினைப்பார்? வீடு போய்விடுமே என்றுதான் நினைப்பார். யன்னலைத் திறப்பார், அலாரத்தின் பொத்தானை அமத்திச் சத்தத்தை நிறுத்துவார், வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுவார். வீட்டுக்காரர் உறக்கத்தில் இருப்பார். ஒருவேளை மேலே அவரும் அதே காற்றைச் சுவாசித்துக்கொண்டிருப்பார், ஏனென்றால் ஃபர்னஸ் ஒன்றுதான், அதன் குழாய்கள் வீடு முழுக்க ஓடுகின்றன.

‘முதல் எனக்கு ஃபோன் எடுங்கோ’ என்ற அந்த ஒரு வாக்கியத்தை மாற்றிச் சொல்லுங்கள். அனுமதி இருந்தாலும் இல்லாவிட்டாலும். ‘இது அடித்தால் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே போங்கள், வெளியே நின்று 911 அடியுங்கள், எனக்குப் பிறகு சொல்லலாம்.’ சாவி கொடுக்கும் நாளில் வாயால் சொல்லுங்கள், தமிழில் எழுதி ஃபர்னஸ் அறைக் கதவில் ஒட்டியும் வையுங்கள். குடியிருப்பவர்கள் பஞ்சாபிப் பிள்ளைகளென்றால் அவர்களுக்குப் புரியும் மொழியிலும் ஒரு தாள் ஒட்டுங்கள். தொலைபேசியில் ஆங்கிலம் ஓடாவிட்டாலும் ‘காபன் மொனொக்சைட் அலாரம்’ என்ற மூன்று சொல்லும் முகவரியும் போதும். பதிவுப் பிரச்சினையைப் பகலில் தீர்த்துக்கொள்ளலாம். வழக்கறிஞர் இருக்கிறார்கள், நகரசபையும் கீழ்த்தள வீடுகளை முறைப்படுத்த வழி வைத்திருக்கிறது. இரவு மூன்று மணிக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

அலாரம் அடித்தும் தலையிடி ஒன்றும் இல்லையே, பொய்யாக அடிக்கிறது என்று சொல்வதும் நடக்கிறது. பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள். உள்ளே சின்ன மின்வேதிக் கலம் ஒன்று இருக்கிறது. காபன் மொனொக்சைட் அதற்குள் புகுந்தால் வேதிமாற்றம் நடந்து மின்னோட்டம் பிறக்கும். வாயு கூடக் கூட மின்னோட்டமும் கூடும். ஆனால் கண்டவுடன் கத்துவதில்லை. காற்றில் பத்து இலட்சத்தில் 70 பங்கு இருந்தால் ஒரு மணித்தியாலத்திலிருந்து நான்கு மணித்தியாலத்துக்குள் அடிக்கவேண்டும் என்பது நியமம். 150 பங்கென்றால் 10 முதல் 50 நிமிடத்துக்குள், 400 பங்கென்றால் 4 முதல் 15 நிமிடத்துக்குள். உடம்பில் ஏறும் அளவைக் கணக்குப் பார்த்துத்தான் அது காத்திருக்கிறது. ஆகவே அது அடிக்கிறதென்றால் வாயு அந்த வீட்டில் கொஞ்ச நேரமாகவே இருக்கிறது என்று அர்த்தம். யன்னலைத் திறந்ததும் அலாரம் அடங்கினால் காற்று மாறிவிட்டது என்று மட்டுமே பொருள். ஃபர்னஸ் இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கும். தீயணைப்புப் படையினர் அளவுகருவியோடு வந்து உள்ளே பார்த்து, சரி என்று சொல்லும் வரைக்கும் யாரும் உள்ளே போகவேண்டாம், ஜாக்கெட் எடுக்கக்கூடப் போகவேண்டாம். பனியென்றால் காரில் ஏறி இருங்கள், கராஜுக்கு வெளியே நிற்கும் காரில்.

கராஜ் என்றதும் 2013 டிசம்பர் ஞாபகம் வருகிறது. நத்தாருக்கு முன்பாக ஐஸ் மழை கொட்டி, மரக்கொப்புகள் முறிந்து, ரொறன்ரோவில் மட்டும் ஏறத்தாழ மூன்று இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. நாட்கணக்கில் குளிரில் கிடந்த வீடுகளுக்குள் சிலர் பார்பிக்யூ அடுப்பைக் கொண்டுவந்து மூட்டினார்கள், சிலர் ஜெனரேட்டரை கராஜுக்குள் ஓடவிட்டார்கள். ரொறன்ரோவுக்குக் கிழக்கே நியூகாசிலில் அப்படி ஓடிய ஜெனரேட்டரால் இருவர் உயிரிழந்தனர். கராஜ் கதவு திறந்திருந்தாலும் உள்ளே ஜெனரேட்டர் ஓடக்கூடாது, காரைச் சூடாக்கக் கூடாது. சுவரில் உள்ள மின்சொருகியில் மட்டும் மாட்டும் அலாரங்கள் உங்கள் வீட்டில் இருந்தால், பின்துணைக்குப் பற்றரி உண்டா என்று பாருங்கள். மின்சாரம் போகும் இரவில்தான் அலாரம் ஆகக் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

இங்கிலாந்தில் வீடு வாடகைக்கு விடும் உறவினர் யாராவது உங்களுக்கு இருந்தால் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். 2022 அக்டோபர் 1 முதல் அங்கே காஸ் பொயிலர் போன்ற பொருத்திய எரிசாதனம் உள்ள, ஆட்கள் புழங்கும் எந்த அறையிலும் அலாரம் வைக்கவேண்டும், சமையல் அடுப்புக்கு மட்டும் விலக்கு. அபராதம் 5,000 பவுண் வரை. ஒன்ராறியோவின் விதி அதைவிட விரிந்தது, கராஜையும் கணக்கில் எடுக்கிறது.

ஒன்ராறியோவின் விதி வாங்கச் சொல்வது ஒன்று. அதைச் சரியான இடத்தில் வைப்பது உங்கள் கையில் இருக்கிறது. இந்த வாயு காற்றைவிடக் கொஞ்சம் இலேசு, காற்றோடு நன்றாகக் கலந்துவிடும். ஆகையால் கூரையிலா சுவரிலா என்று தலையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை, பெட்டியோடு வரும் தாளில் சொல்வதைச் செய்தால் போதும். அடுப்புக்கு நேர்மேலே வேண்டாம், குளியலறை நீராவி அடிக்கும் இடத்தில் வேண்டாம், திரைச்சீலைக்குப் பின்னால் வேண்டவே வேண்டாம். படுக்கிறவருக்குப் பக்கத்தில், தடையில்லாமல் இருக்கவேண்டும். கம்பியில்லாமல் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் அலாரங்களும் கடைகளில் இருக்கின்றன. கீழே ஒன்று அடித்தால் மேலேயும் அடிக்கும், மேலே அடித்தால் கீழேயும் கேட்கும். பூட்டிய கதவு நடுவில் இருக்கும் நம் வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. சட்டம் பழைய வீடுகளில் அவ்வளவு தூரம் கேட்காவிட்டாலும் வாங்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை, குளிர் தொடங்குமுன், டிஎஸ்எஸ்ஏ எனப்படும் மாகாணத் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பின் பதிவுள்ள காஸ் தொழிலாளரைக் கூப்பிட்டு ஃபர்னஸையும் தாங்கியையும் சிம்னியையும் பார்க்கச் சொல்லுங்கள். அடுப்பின் சுவாலை நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தாலோ, குழாய் வாயில் கரி படிந்திருந்தாலோ அதுவரைக்கும் காத்திருக்கவேண்டாம்.

இன்று மாலை ஏணியைப் போட்டு உங்கள் அலாரத்தைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் ஒரு திகதி இருக்கும். செய்த திகதி அது. பக்கத்திலேயே, எந்த ஆண்டோடு மாற்றவேண்டும் என்றும் எழுதியிருக்கும். உள்ளே இருக்கும் கலத்துக்கு ஆயுள் உண்டு, பெட்டியைப் பொறுத்து ஐந்திலிருந்து பத்தாண்டு. அதன்பின் பச்சை விளக்கு எரிந்தாலும் அது மூக்கில்லாத பெட்டி. 2014இல் சட்டம் வந்த கையோடு வாங்கிப் பூட்டியவர்களின் அலாரங்கள் எல்லாம் காலாவதியாகிவிட்டன.

திகதி சரியென்றால் திரும்ப மாட்டிவிட்டுக் கீழே போய்க் கதவைத் தட்டுங்கள். குடியிருப்பவரை அவர் வழக்கமாகப் படுக்கும் இடத்தில் படுக்கச் சொல்லுங்கள், அறைக் கதவைச் சாத்தச் சொல்லுங்கள், ஃபானைப் போட்டு உறங்குகிறவரென்றால் ஃபானையும் போடச் சொல்லுங்கள். இப்போது பொத்தானை அழுத்துங்கள். நான்கு சத்தம், ஒரு சின்ன இடைவெளி, திரும்ப நான்கு. மூன்று மூன்றாக அடித்தால் அது புகைக்கு, நான்கு நான்காக அடித்தால் இந்த வாயுவுக்கு. இந்த வித்தியாசத்தை அவருக்கும் பிள்ளைகளுக்கும் காதால் கேட்கவைத்துச் சொல்லிக் கொடுங்கள். பிறகு மேலே போய் உங்கள் தளத்தில் உள்ளதையும் ஒருமுறை அழுத்திவிட்டு, திரும்பி வந்து கேளுங்கள்: ‘தம்பி, இரண்டும் கேட்டதா?’